அழுத்தம் குறைந்தால் உருகும் பாறை: கடலடி மேலோடு பிறக்கும் விதம்

பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ அறுபது சதவீதம் கடலடி மேலோட்டால் ஆனது. நமக்குப் பழக்கமான மலைகள், சமவெளிகள், பாலைவனங்கள், அவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடல் விளிம்புகள் எல்லாம் எஞ்சிய பகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. கண்டத்தின் குறுக்கே நடந்தால் கிரானைட், சுண்ணாம்புக்கல், மணற்கல், நைஸ் என்று பாறை மாறிக்கொண்டே வரும். கடலடியில் அப்படி இல்லை. மேலே படிந்த வண்டலை விலக்கிவிட்டால், பசிபிக் ஆனாலும் அட்லாண்டிக் ஆனாலும் இந்தியப் பெருங்கடல் ஆனாலும், பெரும்பாலும் கிடைப்பது ஒரே பாறை. கறுத்த, கனத்த, மணிகள் கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்கு நுண்ணிய பசால்ட்.

பாறை மட்டுமல்ல, அதன் தடிமனும் ஏறக்குறைய ஒன்றுதான். 1950களில் ஆய்வுக் கப்பல்கள் கடலில் வெடிமருந்தை வெடிக்கச் செய்து, அந்த அதிர்வு பாறைக்குள் புகுந்து திரும்பும் நேரத்தைக் கொண்டு மேலோட்டை அளந்தன. எந்தப் பெருங்கடலில் அளந்தாலும் ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர் என்றே விடை வந்தது. கண்ட மேலோடோ சில இடங்களில் 30 கிலோமீட்டர். இமயமலைக்கும் திபெத்துக்கும் அடியில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கடலுக்கு மட்டும் ஏன் இந்தச் சீர்மை?

இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டவர் அமெரிக்க நிலவியலாளர் ஹாரி ஹெஸ். கடல்தளம் நடுவில் பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது என்று 1962-இல் வெளியான கட்டுரையில் அவர் வாதிட்டார். அதே கட்டுரையில் மேலோட்டின் தடிமனைப் பற்றியும் ஒரு விளக்கம் உண்டு. எரிமலைக் குழம்பு வழிந்து குவிந்துதான் மேலோடு உருவானது என்றால் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்க வேண்டும். அப்படி இல்லாததால், கடலடி மேலோட்டின் பெரும்பகுதி எரிமலைப் பாறையே அல்ல. மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் என்ற அடுக்கின் பாறை, கடல்நீர் புகுந்து வேதிமாற்றம் அடைந்ததுதான் அது என்றார். ஆழத்தில் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த மாற்றம் நடக்காது. ஆகவே ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை நிலவும் ஆழமே மேலோட்டின் அடிமட்டத்தை வரையறுக்கிறது என்பது அவருடைய கணிப்பு. கடல்தளம் விரிகிறது என்ற பெரிய கருத்து நிலைத்தது. தடிமன் பற்றிய விளக்கம் அன்றைக்குத் தோற்றது. ஆனால் முழுதாகத் தோற்றுவிடவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கேள்விக்கான விடை மேலோட்டில் இல்லை. அதற்குக் கீழே, கவசப் பாறை எப்படி உருகுகிறது என்பதில் இருக்கிறது.

கீழே குழம்புக் கடல் ஏதும் இல்லை

மேன்டில் எனப்படும் கவசம் மேலோட்டின் அடியிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை நீள்கிறது. பூமியின் கன அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அதுவே. பாடநூல் படங்களில் இந்தப் பகுதிக்குச் செக்கச் சிவந்த நிறம் பூசி, அலைஅலையாகக் கோடு போட்டு, திரவம்போல வரைந்துவிடுகிறார்கள். எரிமலை என்றால் கீழே இருக்கும் குழம்பு விரிசல் வழியாகப் பீறிடுவது என்று பலர் கடைசிவரை நம்புவதற்கு இந்தப் படங்களே காரணம். எரிமலையைப் பற்றிய எந்தப் பாடமும் இந்த எண்ணத்தைக் களைவதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் கவசம் திடப்பொருள். நிலநடுக்கத்தின்போது எழும் குறுக்கலைகள் திரவத்தின் ஊடே செல்லாது; கவசத்தின் ஊடே அவை தாராளமாகச் செல்கின்றன. அதற்கும் கீழே இரும்பாலான வெளிக்கருவில்தான் அவை நின்றுபோகின்றன.

திடமாக இருந்தாலும் கவசம் அசைகிறது. மிகுந்த வெப்பத்தில் படிகங்களுக்குள் இருக்கும் குறைபாடுகள் மெல்ல இடம் மாற, பாறை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் உருகாமலேயே பாய்கிறது. ஒரு நிலநடுக்க அலைக்கு அது உறுதியான கல். பத்து லட்சம் ஆண்டுகளுக்கு அது ஒழுகும் பொருள். இந்த இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டால்தான் மற்றவை புரியும்.

மேல் கவசத்தின் பாறைக்குப் பெரிடோடைட் என்று பெயர். அதில் பாதிக்கு மேல் ஆலிவின் என்ற பச்சைநிறக் கனிமம். மீதியில் இரண்டு வகைப் பைராக்சின்களும், அலுமினியம் மிகுந்த ஒரு கனிமமும் உண்டு. நமக்கு இது தெரிவது ஊகத்தால் மட்டும் அல்ல. சில எரிமலைகள் வேகமாகப் பொங்கும்போது கவசத்திலிருந்து பெயர்த்த துண்டுகளையும் சேர்த்துக் கொண்டுவருகின்றன. கறுத்த பசால்ட்டுக்குள் கைப்பிடி அளவுப் பச்சைத் துண்டு பொதிந்திருப்பதைப் பல அருங்காட்சியகங்களில் காணலாம்.

அந்தப் பச்சைத் துண்டையும் அதைச் சுமந்துவந்த கறுப்புப் பாறையையும் ஆய்வகத்தில் பகுத்துப் பார்த்தால் எண்கள் பொருந்துவதில்லை. கவசப் பாறையில் சிலிகா ஏறத்தாழ 45 சதவீதம், மெக்னீசியம் ஆக்சைடு 38 சதவீதம். கடலடி பசால்ட்டில் சிலிகா 50, மெக்னீசியம் ஆக்சைடு வெறும் 8. கால்சியமும் அலுமினியமும் பசால்ட்டில் மூன்று மடங்குக்கு மேல். ஆகவே பசால்ட் என்பது உருகிய கவசம் அல்ல. கவசத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பகுதி.

சூடேறாமலேயே உருகுவது

ஒரு பொருளை உருக்க வேண்டும் என்றால் சூடேற்ற வேண்டும் என்றுதான் நம் அனுபவம் சொல்கிறது. கடலடியில் பெரும்பாலும் நடப்பது அது அல்ல. அங்கே யாரும் வெப்பத்தைக் கூட்டுவதில்லை, அழுத்தம் குறைகிறது. உயர்ந்த மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது அல்லவா? பாறை உருகுவதிலும் அதே தர்க்கம்தான். பெரும்பாலான பாறைகள் உருகும்போது பருமனில் விரிவடைகின்றன. அழுத்தம் அந்த விரிவைத் தடுக்கிறது. அழுத்தம் தளர்ந்தால் குறைந்த வெப்பநிலையிலேயே உருகல் தொடங்கிவிடும்.

எண்களாகப் பார்ப்போம். கடல்தளம் பிறந்து இருபுறமும் விலகும் கடலடி மலைத்தொடர்களின் கீழே மேலெழும் கவசத்தின் வெப்பநிலை சுமார் 1,300 முதல் 1,400 டிகிரி. தரைமட்ட அழுத்தத்தில் பெரிடோடைட் 1,100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே உருகத் தொடங்கும். ஆழத்தில் அந்த வரம்பு கிலோமீட்டருக்கு மூன்று, நான்கு டிகிரி வீதம் உயர்ந்துகொண்டே போகும். அதனால் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அதே 1,350 டிகிரிப் பாறை உறுதியான திடப்பொருளாகவே இருக்கும். இப்போது அதை மேலே ஏற்றுவோம். ஏறும் பாறை விரிவதால் கொஞ்சம் குளிரும். ஆனால் அது கிலோமீட்டருக்கு அரை டிகிரி அளவுகூட இல்லை. உருகுநிலையோ அதைவிடப் பல மடங்கு வேகமாக இறங்குகிறது. ஏறத்தாழ 60, 70 கிலோமீட்டர் ஆழத்தில் இரண்டு கோடுகளும் சந்திக்கின்றன. அங்கே பாறை வியர்க்கத் தொடங்குகிறது.

பாறையை மேலே ஏற்றுவது எது? புவித்தட்டுகள். கவசம் கீழிருந்து முட்டித் தள்ளுவதால் தட்டுகள் பிரிகின்றன என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பெரும்பாலும் தலைகீழ். தட்டின் மறுமுனை குளிர்ந்து, கனத்து, தொலைவில் எங்கோ கவசத்துக்குள் அமிழ்கிறது; அந்த எடை தட்டு முழுவதையும் இழுக்கிறது. இழுபட்ட இரு தட்டுகள் விலகும் இடைவெளியை நிரப்ப, வேறு வழியின்றிக் கவசம் மேலே வருகிறது.

அப்படியானால் ஏறும் பாறை முழுதும் ஏன் உருகிவிடுவதில்லை? உருகுதலே வெப்பத்தை விழுங்கும் செயல். கொஞ்சம் உருகியதும் பாறை குளிர்கிறது. மேலும் உருக இன்னும் மேலே வர வேண்டும். பெரிடோடைட் முழுதாகத் திரவமாக வேண்டுமானால் தரைமட்டத்திலேயே 1,700 டிகிரி அளவு தேவை. அந்த வெப்பம் கவசத்திடம் இல்லை. மேலே குளிர்ந்த தட்டு மூடியாக நிற்பதால் ஏற்றமும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இறுதியில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்குதான் உருகுகிறது.

ஏன் ஒரே பாறை, ஏன் ஒரே தடிமன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இந்தப் பத்தில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. எளிதில் உருகும் கனிமங்கள் முதலில் கரைகின்றன: கால்சியம் மிகுந்த பைராக்சினும் அலுமினியக் கனிமமும். பிடிவாதமான ஆலிவின் தன்னிடமுள்ள மெக்னீசியத்தோடு பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது. கால்சியமும் அலுமினியமும் சோடியமும் திரவத்துக்குள் போகின்றன. அதனால்தான் கவசம் எங்கே உருகினாலும் வெளிவருவது பசால்ட். தடிமனுக்கு வருவோம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரமுள்ள ஒரு தூண் உருகல் மண்டலத்தைக் கடக்கிறது. அதில் சராசரியாகப் பத்து சதவீதம் திரவமாகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் திரவம் முழுவதும் மேலே சேரும்போது ஆறு கிலோமீட்டர். மிக எளிமைப்படுத்திய கணக்குதான் இது. ஆனாலும் சாரம் இதுவே. கடலடி மேலோட்டின் தடிமன் கவசத்தின் வெப்பநிலையைக் காட்டும் அளவுகோல். கவசம் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருப்பதால் மேலோடும் ஏறத்தாழ ஒரே தடிமனில் இருக்கிறது.

இந்த முடிவு ஒரே நாளில் எட்டப்பட்டது அல்ல. வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் நார்மன் போவன் 1910களிலேயே உலையில் கனிமங்களை உருக்கி, எது முதலில் படிகமாகிறது, எது கடைசியில் என்று பொறுமையாக அட்டவணையிட்டார். 1962-இல் அதே ஆய்வகத்தின் ஹேட்டன் யோடரும் பிரிட்டனின் செசில் டில்லியும் உயர் அழுத்தத்தில் பசால்ட் எப்படி நடந்துகொள்கிறது என்பதை விரிவாக வெளியிட்டார்கள். 1988-இல் டான் மெக்கென்சியும் மைக் பிக்கிளும், கவசத்தின் வெப்பநிலையைத் தந்தால் எத்தனை கிலோமீட்டர் குழம்பு கிடைக்கும் என்று கணக்கிடும் முறையைத் தந்தபோது, ஹெஸ் கேட்ட கேள்விக்கு எண்ணாகவே விடை கிடைத்தது.

திரவம் மேலே வரும் வழி

உருகல் படிகங்களின் விளிம்புகளில், மூன்று மணிகள் சந்திக்கும் மூலைகளில் தொடங்குகிறது. ஒரு சதவீதம் உருகினாலே போதும், அந்த மூலைகள் நுண்ணிய குழாய்களாக ஒன்றோடொன்று இணைந்துவிடும். சுற்றியுள்ள திடப்பாறையைவிட அடர்த்தி குறைந்த திரவம் அதன் வழியே கசிந்து ஏறும். இதுவரை எளிது. இதற்கு மேல்தான் சிக்கல். மேலே ஏறும் திரவம் வழியிலுள்ள பாறையோடு மெல்ல மெல்ல வேதிவினை புரிந்துகொண்டே வந்தால், மேற்பரப்பை அடையும்போது அது அந்த ஆழமற்ற பாறையோடு சமநிலையில் இருக்க வேண்டும். கடலடி பசால்ட் அப்படி இல்லை. தான் பிறந்த ஆழத்தின் முத்திரையை அது அழியாமல் சுமந்து வருகிறது.

இந்தப் புதிருக்கு விடை ஓமன் நாட்டின் மலைகளில் கிடைத்தது. சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கடல்தளத்தின் ஒரு பெரும் துண்டு, கவசப் பாறையோடு சேர்ந்து அங்கே நிலத்தின் மேல் ஏறிக் கிடக்கிறது. இப்படி நிலமேறிய கடல்தளத்துக்கு ஓஃபியோலைட் என்று பெயர். அங்கே பெரிடோடைட்டின் ஊடே, முழுக்க முழுக்க ஆலிவினால் ஆன பாறைப் பட்டைகள் ஓடுகின்றன. ஏறிவந்த திரவம் வழியிலிருந்த பைராக்சினைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஆலிவினை மட்டும் விட்டுச்சென்ற தடங்கள் அவை. பீட்டர் கெலமன் உள்ளிட்டோர் 1990களில் இதை விளக்கினார்கள். கரைத்த இடத்தில் வழி அகலமாகிறது. அகலமான வழியில் மேலும் திரவம் வருகிறது. அது மேலும் கரைக்கிறது. இப்படி வாய்க்கால் அமைந்துவிட்டால், ஆழத்துத் திரவம் சுற்றுப்புறப் பாறையைத் தொடாமல் மேலே வந்துவிடும்.

அது எவ்வளவு விரைவு என்பதற்கும் சாட்சி உண்டு. கடலடி பசால்ட்டில் ரேடியம்-226 யுரேனியச் சிதைவுத் தொடரில் இருக்கவேண்டிய அளவைவிட அதிகமாக இருக்கிறது. அந்த ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள்தான். அந்த மிகுதி ஆழத்தில் உருகும்போது உண்டானது என்று எடுத்துக்கொண்டால், பல்லாயிரம் ஆண்டுகள் வழியில் தங்கியிருந்தால் அது சிதைந்து மறைந்திருக்கும். திடக் கவசம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர, அதிலிருந்து பிழிந்த திரவமோ ஆண்டுக்கு மீட்டர் கணக்கில் ஏறுகிறது என்று பல ஆய்வாளர்கள் கணிப்பது இதனால்தான்.

மேலே வந்த திரவம் மேலோட்டுக்குள் தேங்குகிறது. அங்கே பெரிய குழம்பு ஏரி இருக்கும் என்று நெடுநாள் நம்பினார்கள். 1980களில் கிழக்குப் பசிபிக் முகடு என்ற கடலடி மலைத்தொடரின் மேல் கப்பலிலிருந்து ஒலியலை செலுத்திப் பார்த்தபோது தெரிந்தது வேறு: கடல்தளத்துக்குக் கீழே ஒன்று, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு கிலோமீட்டர் அளவே அகலமுள்ள மெல்லிய குழம்புப் படலம். அதன் தடிமன் சில பத்து மீட்டர்தான். அதற்குக் கீழே இருப்பது படிகங்களும் கொஞ்சம் திரவமும் கலந்த கெட்டிச் சேறு. அந்தச் சேறு மெல்லக் குளிர்ந்து, மணிகள் பெரிதாக வளர்ந்து, காப்ரோ என்ற பாறையாகிறது. மேலோட்டின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதுவே. பசால்ட்டும் காப்ரோவும் ஒரே குழம்பின் பிள்ளைகள். வேகமாகக் குளிர்ந்தது ஒன்று, நிதானமாகக் குளிர்ந்தது மற்றொன்று.

தட்டுகள் விலக விலகப் படலத்துக்கு மேலே பாறை பிளக்கிறது. பிளவுக்குள் குழம்பு ஏறி, ஒரு மீட்டர் அளவு அகலமுள்ள செங்குத்துச் சுவராக உறைகிறது. இதை டைக் என்பார்கள். அடுத்த பிளவு பல நேரங்களில் இன்னும் சூடாறாத அந்தச் சுவரின் நடுவிலேயே விழுகிறது. சுவர் இரண்டாகி, ஒரு பாதி கிழக்கே, ஒரு பாதி மேற்கே போகிறது. சைப்ரஸின் ட்ரூடோஸ் மலையில் இப்படிப்பட்ட சுவர்கள் ஆயிரக்கணக்கில், இடையில் வேறு பாறையே இல்லாமல் அடுக்கி நிற்கின்றன. அவற்றில் பல ஒரு பக்கத்தில் மட்டுமே விரைந்து குளிர்ந்த கண்ணாடி விளிம்பு கொண்டவை. மறுபக்க விளிம்பு தட்டோடு விலகிப் போய்விட்டது. கடல்தளம் விரிந்ததற்குக் கல்லில் இதைவிடத் தெளிவான சாட்சியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சுவரின் உச்சியைத் தாண்டிக் கடல்நீரில் வெளிவரும் குழம்பின் மேல்தோல் நொடிகளில் கண்ணாடியாகிறது. உள்ளிருந்து வரும் குழம்பு அதை உப்பவைத்து, பிளந்து, அடுத்த உருண்டையாகப் பிதுங்குகிறது. இந்தத் தலையணை லாவாக்களின் பரப்பை 1973-74-இல் பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் நீர்மூழ்கிகளில் அட்லாண்டிக் நடுமுகட்டின் பள்ளத்தாக்குக்கு இறங்கி நேரில் கண்டார்கள். கடலடி மலைத்தொடர்கள் மொத்தம் சுமார் 65,000 கிலோமீட்டர் நீளம். அவற்றின் நெடுகிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று சதுர கிலோமீட்டர் புதிய தளம், கன அளவில் 20 கன கிலோமீட்டர் பாறை, சேர்கிறது. பூமி உருவாக்கும் பாறைக் குழம்பில் பெரும்பகுதி நம் கண்ணில் படாமல் இங்கேதான் உறைகிறது.

ஹெஸ் பாதி சரி

இதுவரை சொன்னது வேகமாக விரியும் முகடுகளுக்கு அழகாகப் பொருந்தும். கிழக்குப் பசிபிக் முகடு சில இடங்களில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் வரை விரிகிறது. அட்லாண்டிக்கில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர். வடதுருவக் கடலின் கேக்கல் முகட்டில் ஒரு சென்டிமீட்டரைச் சுற்றித்தான். இவ்வளவு மெதுவாக ஏறும் கவசத்துக்கு மேலே நிற்கும் கடல் குளிர்ச்சி தந்துகொண்டே இருக்கிறது. மூடி தடித்து, உருகல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. 2001-இல் இரண்டு பனியுடைப்புக் கப்பல்கள் கேக்கல் முகட்டின் அடியை வாரி எடுத்தபோது, நெடுந்தூரத்துக்குப் பசால்ட்டே அரிதாக, கவசப் பாறை கடல்தளத்தில் நேரடியாக வெளித்தெரிந்தது. அந்தப் பாறை நீரை உறிஞ்சிப் பாம்புத்தோல் போன்ற பளபளப்புள்ள செர்ப்பன்டைனாக மாறியிருந்தது.

ஹெஸ் சொன்னதும் இதைத்தான். வேக முகடுகளில் அவர் விளக்கம் பொய்த்தது. மந்த முகடுகளின் பல பகுதிகளில் மேலோடு என்று நாம் அளப்பதில் ஒரு பங்கு நீரேறிய கவசமே. அலையின் வேகத்தை மட்டும் அளந்தால் காப்ரோவையும் பாதி நீரேறிய பெரிடோடைட்டையும் பிரித்தறிவது கடினம். துளையிட்டுப் பார்ப்பதே உறுதியான வழி.

துளையிடும் கனவும் ஹெஸ் காலத்தது. குரோஷியாவின் ஆண்ட்ரியா மொஹொரோவிசிச் 1909-ஆம் ஆண்டு நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து கண்டறிந்த மேலோடு–கவச எல்லையை எட்டிவிட வேண்டும் என்று தொடங்கிய மோஹோல் திட்டம், 1961-இல் மெக்சிகோவுக்கு அப்பால் சுமார் 3,600 மீட்டர் ஆழக் கடலின் அடியில் 183 மீட்டர் துளைத்தது. சில மீட்டர் பசால்ட்டை எடுத்து வந்தது. 1966-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியதும் திட்டம் முடிந்தது. 2005-இல் கிழக்குப் பசிபிக்கில் ஒரு துளை லாவா, டைக் எல்லாவற்றையும் கடந்து சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் காப்ரோவைத் தொட்டது. 2023-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் அட்லாண்டிக்கின் அட்லாண்டிஸ் மேட்டில், மேலோடு விலகிக் கவசம் மேலே தெரியும் இடத்தில், 1,268 மீட்டர் துளைத்துப் பெரும்பாலும் தொடர்ச்சியான கவசப் பாறை மாதிரியை எடுத்தது. ஆயினும் முழு மேலோட்டைத் துளைத்து, எல்லையைக் கடந்து, கீழிருக்கும் கவசத்தை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

கூடுதல் வெப்பமும் கூடுதல் நீரும்

மேலோட்டின் தடிமன் கவச வெப்பநிலையின் அளவுகோல் என்றால், கவசம் சூடாக இருக்கும் இடத்தில் மேலோடு தடித்திருக்க வேண்டும். ஐஸ்லாந்தில் அதுதான் நிலை. அட்லாண்டிக் முகட்டின் மேலேயே அமர்ந்திருக்கும் அந்தத் தீவின் அடியில் மேலோடு 25 முதல் 40 கிலோமீட்டர். ஆழத்திலிருந்து எழும் சூடான கவசத் தூணொன்று அங்கே உருகலைப் பெருக்குகிறது. கவசம் சுமார் நூறு, இருநூறு டிகிரி கூடினாலே இவ்வளவு மாற்றம். அத்தகைய தூணின் தலை முதன்முதலில் மேலே வந்து மோதும்போது விளைவு இன்னும் பெரிது: பசிபிக்கின் ஒன்டாங் ஜாவா பீடபூமி சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், தக்காணத்தின் பசால்ட் அடுக்குகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் உருவானது இப்படித்தான் என்பது பரவலான விளக்கம். தக்காணத்தில் இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர்.

பழங்காலக் கவசம் இன்னும் சூடானது. 1969-இல் தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி ஆற்றுப் பகுதியில் அடையாளம் காணப்பட்ட கொமாட்டியைட் என்ற லாவாவில் மெக்னீசியம் ஆக்சைடு 18 சதவீதத்துக்கு மேல். அது பொங்கியபோது வெப்பநிலை 1,600 டிகிரியை ஒட்டி இருந்திருக்க வேண்டும். 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் இது பரவலாக உண்டு. பிற்காலத்தில் மிக அரிது. பூமி குளிர்ந்துவருகிறது என்பதற்குப் பசால்ட்டின் இந்த மூதாதையே ஆவணம்.

அழுத்தத்தைக் குறைப்பது ஒரு வழி என்றால் நீரைச் சேர்ப்பது இன்னொரு வழி. புதிய கடல்தளத்தின் விரிசல்களில் கடல்நீர் இறங்கி, சூடேறி, 350 டிகிரிக்கு மேற்பட்ட கரிய ஊற்றுகளாக மீண்டும் வெளிவருகிறது. 1979-இல் கிழக்குப் பசிபிக் முகட்டில் இவற்றை முதலில் கண்டார்கள். அந்தச் சுழற்சியில் பாறையின் கனிமங்கள் நீரைத் தமக்குள் கட்டிக்கொள்கின்றன. பல கோடி ஆண்டுகள் கழித்துத் தட்டு கவசத்துக்குள் அமிழும்போது, சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்துக்குள் அந்த நீர் பெரும்பாலும் பிழியப்பட்டு மேலேயுள்ள சூடான கவசத்துக்குள் ஏறுகிறது. நீர் புகுந்த பெரிடோடைட்டின் உருகுநிலை சில நூறு டிகிரி இறங்கிவிடும். பசிபிக்கைச் சுற்றியும் இந்தோனேசியாவிலும் அந்தமானின் பேரன் தீவிலும் எரிமலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான்.

இந்தக் குழம்பின் கதை கடலடிக் குழம்பின் கதையைவிடச் சிக்கலானது. தடித்த மேலோட்டுக்குள் தேங்கி, ஆலிவினையும் பைராக்சினையும் படிகமாக உதிர்த்து, பக்கத்துப் பாறையைக் கரைத்துக்கொண்டு, சிலிகா 60 சதவீதத்தைச் சுற்றியுள்ள ஆண்டிசைட்டாகவோ அதற்கும் மேலான டேசைட்டாகவோ அது மாறுகிறது. சிலிகா கூடக் கூடக் குழம்பு கெட்டிப்படும். கரைந்திருந்த நீர் வாயுவாகப் பிரியும்போது வெளியேற வழியின்றி வெடிக்கும். 1883-இல் கிரகடோவாவும் 1991-இல் பினடூபோவும் வெடித்த மூர்க்கத்துக்கு மூலம், ஒருகாலத்தில் கடல்தளம் குடித்த நீர். கண்ட மேலோட்டின் சராசரிக் கலவை பசால்ட்டாக இல்லாமல் ஆண்டிசைட்டை ஒட்டியிருப்பதற்கும் இந்த வழியே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

அமிழ்ந்த தட்டு என்ன ஆகிறது? ஆழத்தில் பசால்ட் எக்லோஜைட் என்ற கனத்த பாறையாக மாறி இன்னும் வேகமாக இறங்குகிறது. கடல்தளத்தில் கிடைக்கும் மேலோடு ஏறத்தாழ எல்லாமே 18 கோடி ஆண்டுகளுக்கு இளையதாக இருப்பது இதனால்தான். அதற்கு மூத்தது எல்லாம் அமிழ்ந்துவிட்டது. அது அழிந்துபோகவில்லை என்பதற்குத் தென்பசிபிக்கின் குக் தீவுகளில் ஒன்றான மங்காயியாவில் சான்று கிடைத்தது. அங்குள்ள சுமார் இரண்டு கோடி ஆண்டு பழமையான லாவாவின் ஆலிவின் படிகங்களுக்குள் இருந்த கந்தகத்தில் ஒரு விசித்திரமான ஐசோடோப்பு விகிதம் இருப்பதாக 2013-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். காற்றில் ஆக்சிஜன் சேராத காலத்தில், புற ஊதாக் கதிர் நேரடியாகப் பட்ட வளிமண்டலத்தில் மட்டுமே அந்த விகிதம் உருவாக முடியும். அந்தக் காலம் முடிந்து ஏறத்தாழ 245 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்படியானால் அந்தக் கந்தகம் அதற்கு முன்பே கடல்தளத்தில் படிந்து, தட்டோடு அமிழ்ந்து, கவசத்துக்குள் கிடந்து, மறுபடியும் ஒரு எரிமலைத் தீவின் வழியாக வெளிவந்திருக்கிறது. நிலநடுக்க அலைகளைக் கொண்டு வரைந்த படங்களில், சில தட்டுகள் 660 கிலோமீட்டர் ஆழத்தில் படுத்துக்கிடப்பதும், சில இரும்புக் கருவின் விளிம்பான 2,900 கிலோமீட்டர் வரை இறங்கியிருப்பதும் தெரிகின்றன. மங்காயியாவின் கந்தகம் இந்த இரண்டில் எந்த ஆழத்திலிருந்து திரும்பியது என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது.